டிரில்லைக் கீழே வை!

"இந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும்வரை யாரும் இதில் கை வைக்கக்கூடாது."

இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார். கண்ணாடி முன்னால் நின்று சொல்வது எல்லோராலும் முடியும். இருபது பேர் வேலைக்குக் காத்து நிற்கும் இடத்தில், சாரத்துக்கு நாள் வாடகை ஏறிக்கொண்டிருக்கும்போது, உன்னைவிட இருபது வயது மூத்த சூப்பர்வைசரின் முகத்துக்கு நேரே சொல்லிப் பார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும். தொண்டை வறளும். அங்கே வாய் திறந்து அதைச் சொல்லிவிட்டாய் என்றால், தம்பி, தங்கையே, தன்னம்பிக்கையைப் பற்றி நான் உனக்குக் கற்றுத்தர ஒன்றுமில்லை.

கல்நார் ஆய்வு என்று ஒரு வேலை இருக்கிறது. டார்ச்சும் ஏணியும் மாதிரிப் பைகளுமாகப் பழைய கட்டடங்களுக்குள் நுழைந்து, எந்தச் சுவரில், எந்தக் குழாயில், எந்த ஃபால்ஸ் சீலிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பட்டியல் போடும் வேலை. சிவில் டிப்ளமோவோடு பிழைக்கப் போனவனுக்கும் பிரிட்டனில் திறந்திருக்கும் வேலைதான். சினிமாவில் இந்த ஆள் கதாநாயகனாக வந்ததில்லை, வரவும் மாட்டான். ஆனால் நெஞ்சுரம் கேட்கும் வேலைகளை வரிசைப்படுத்தச் சொன்னால் இதைத் தீயணைப்பு வீரனுக்குப் பக்கத்தில் வைப்பேன். தீ கண்ணுக்குத் தெரியும், சுடும், ஊரே ஓடிவரும். கல்நார் இழை தெரியாது, மணக்காது, இருமலைக்கூட உடனே தராது. நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்து 15 ஆண்டு, 40 ஆண்டு, சிலருக்கு 60 ஆண்டு கழித்துக் கணக்கைத் தீர்க்கும். இன்று நீ காப்பாற்றுகிறவனுக்குத் தான் காப்பாற்றப்பட்டதே தெரியாது. நன்றி சொல்ல ஆளில்லாத இடத்தில் நிமிர்ந்து நிற்பதற்குத்தான் உள்ளே உரம் வேண்டும்.

ஆலிஸ் ஜெஃபர்சன் என்ற பெண் 17 வயதில் யார்க்ஷயரின் ஹெப்டன் பிரிட்ஜ் ஊரில் ஒரு கல்நார் ஆலையில் வேலை பார்த்தார். ஒன்பதே மாதம். 47 வயதில் மீசோதீலியோமா அவரைக் கொண்டுபோனது. நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் புற்றுநோய் அது. சாவதற்கு முன் தன் நோயைத் தொலைக்காட்சிக் கேமராவுக்குத் திறந்து காட்டினார். 1982இல் அந்தப் படம் ஒளிபரப்பானதும் பிரிட்டன் அதிர்ந்தது. அடுத்த ஆண்டே, உரிமம் இல்லாதவர்கள் ஆபத்தான கல்நார் வேலைகளைச் செய்யக்கூடாது என்ற விதி எழுதப்பட்டது. படுக்கையில் கிடந்த ஒரு தொழிலாளிப் பெண் செய்த காரியம் இது. உடம்பு திடமாக இருக்கும் நீ, "நான் யார், என் பேச்சு எடுபடுமா?" என்கிறாய்.

எடுபடாமலும் போகும். அதையும் சொல்லிவிடுகிறேன். லூசி டீன் என்றொருவர் இருந்தார். பிரிட்டிஷ் அரசு முதன்முதலில் வேலைக்கு எடுத்த பெண் தொழிற்சாலை ஆய்வாளர்களில் ஒருவர். கல்நார்த் துகள்களை நுண்ணோக்கியில் பார்த்தால் கண்ணாடிச் சில்லு மாதிரி கூர்கூராக இருக்கின்றன, அவை காற்றில் மிதக்கும் அறைகளில் கேடு விளைகிறது என்று 1898ஆம் ஆண்டு அறிக்கையிலேயே எழுதிவைத்தார். நாடாளுமன்றத் தேர்தலில் பெண்ணுக்கு ஓட்டுக்கூட இல்லாத காலம் அது. வெள்ளைக் கல்நார் உட்பட எல்லா வகைகளையும் பிரிட்டன் தடை செய்தது 1999 நவம்பரில். நடுவில் 101 ஆண்டு!

அந்த இடைவெளியில் விழுந்த பிணங்களில் ஒன்று நெல்லி கெர்ஷாவுடையது. ராச்டேல் நகரில் சிறுமியாகவே கல்நார் நூற்க வந்தவர். 1924இல் 33 வயதில் இறந்தார். நுரையீரல் முழுக்க இழைகள் என்று டாக்டர் வில்லியம் குக் எழுதினார். முதலாளிகள் பொறுப்பேற்க மறுத்தார்கள். பெயர்கூடப் பொறிக்காத ஏழைகளின் குழிக்குப் போனது உடல். 1930இல் மெரிவெதர், பிரைஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆலைகளைச் சோதித்து அறிக்கை கொடுத்த பிறகு, 1931இல் விதிகள் வந்தன. வந்தும் என்ன? ஆலைக்குள் தூசி கிளப்பும் வேலைகளுக்குத்தான் அந்த விதிகள். அதே கல்நாரைப் பலகையாக அறுத்துப் பள்ளிக்கூடச் சுவரில் அடித்த தச்சனுக்கு ஒரு பாதுகாப்பும் கிடையாது. 1940களில் பிறந்து, முப்பது வயதுக்குள் பத்தாண்டுக்கு மேல் தச்சு வேலை பார்த்த பிரிட்டிஷ்காரர்களில் 17 பேருக்கு ஒருவர் மீசோதீலியோமாவில் சாவார் என்று ஜூலியன் பீட்டோ குழுவின் ஆய்வு 2009இல் கணக்குச் சொன்னது. ஆலைக்காரன் இல்லை, தச்சன்! மனை பார்த்து வீடு கட்டிக் கொடுத்தவன்!

லூசி டீன் எழுதியது வீண்தானே என்று கேட்பாய். இல்லை. "எங்களுக்குத் தெரியாதே" என்று பின்னால் வந்த ஒவ்வொருவரும் சொன்னபோது, "தெரியும், 1898இலேயே எழுதியிருக்கிறது" என்று காட்ட அந்தத் தாள் இருந்தது. கேட்க ஆளில்லாதபோதும் சரியாக எழுதிவைக்கிற கை உனக்கு வேண்டும். உன் முழுத் தொழிலும் இதில்தான் இருக்கிறது.

இப்போது கட்டடத்துக்குள் வா. வீடல்லாத கட்டடம் எதுவானாலும் அதன் பராமரிப்புப் பொறுப்பாளி கல்நாரைத் தேடிக் கண்டுபிடித்து, பதிவு செய்து, அதன் ஆபத்தைக் கையாள வேண்டும் என்பது 2004 மே மாதத்திலிருந்து பிரிட்டனில் சட்டக் கடமை. 2000க்கு முன் கட்டியதென்றால் கல்நார் இருக்கலாம் என்றே நினைத்து உள்ளே போக வேண்டும். ஆய்வு இரண்டு வகை. கட்டடம் வழக்கம்போல் இயங்கும்போது சாதாரணப் புழக்கத்திலும் பழுதுபார்ப்பிலும் கலைந்துவிடக்கூடியதைத் தேடுவது ஒன்று. இடிக்கவோ புதுப்பிக்கவோ போகும்முன் சுவரை உடைத்து, தரையைப் பெயர்த்து, உள்ளுக்குள் உள்ளதையெல்லாம் தோண்டிப் பார்ப்பது இன்னொன்று. முதல் வகை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரை இடிக்கிறவன் குருடன். "அதான் சர்வே ஆச்சே!" என்பான். என்ன சர்வே என்று கேட்கத் தெரிந்தவனாக நீ இரு.

1960களின் பள்ளிக்கூடம் ஒன்றை எடுத்துக்கொள். பாய்லர் அறையில் குழாயைச் சுற்றிப் பூசிய உறை, அதன் மேல் அறுபது வருடப் பெயின்ட். பாய்லர் கதவின் கயிற்று அடைப்பு. ஃபியூஸ் பெட்டிக்குள் தீப்பொறி தடுக்கும் சிறு அட்டை. மாடிப்படிக்கு அடியிலுள்ள அலமாரியின் உள்புறப் பலகை. ஜன்னலுக்குக் கீழே அடித்திருக்கும் பேனல். தரையின் வினைல் ஓடும் அதை ஒட்டிய கறுப்புப் பசையும். சீலிங்கில் சுழி சுழியாகப் போட்ட அலங்காரப் பூச்சு. கழிவறைத் தண்ணீர்த் தொட்டி. வெளியே சைக்கிள் கொட்டகைக் கூரை. இவற்றில் எதைப் பார்த்தாலும் "இது கல்நார்" என்றோ "இல்லை" என்றோ வெறும் கண்ணால் சத்தியம் செய்ய எவனாலும் முடியாது. கல்நார் வகைகளுக்கு நீலம், பழுப்பு, வெள்ளை என்று பெயர்தான். சிமெண்டிலும் பலகையிலும் கலந்து பெயின்ட் அடித்தபின் நிறம் ஏது? "முப்பது வருட அனுபவம் தம்பி, தட்டிப் பார்த்தே சொல்லிடுவேன்" என்று ஒருவர் வருவார். வணக்கம் சொல். மாதிரி எடு.

மாதிரி எடுப்பதும் ஒழுக்கம்தான். முகக்கவசம் முகத்தில் பொருந்துகிறதா என்று சோதித்து மாட்டு. தாடி இருந்தால் பொருந்தாது, மழித்துவிட்டு வா. எடுக்கும் இடத்தை ஈரமாக்கு. சிறு துண்டு போதும். இரண்டு பைக்குள் அடை, எண் போடு, ஓட்டையை மூடி ஒட்டு, சிந்தியதை ஈரத் துணியால் துடை. துடைப்பம் மட்டும் எடுக்காதே. நீ கிளம்பியபின் அங்கே பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். ஆய்வகத்தில் துருவ ஒளி நுண்ணோக்கியின் கீழ் அந்த இழை தன் உண்மைப் பெயரைச் சொல்லும்.

அப்புறம் மதிப்பெண். என்ன பொருள், எவ்வளவு சேதம், மேலே பூச்சு உண்டா, எந்த வகைக் கல்நார் என்று நான்கு கேள்வி. மொத்தம் 12. பத்தும் அதற்கு மேலும் வந்தால் சின்னத் தொந்தரவுக்கே இழை பறக்கும் என்று பொருள். குழாய் உறையும் தெளிப்புப் பூச்சும் கொடியவை. சிமெண்ட் ஷீட் இழையைக் கெட்டியாகப் பிடித்துவைத்திருக்கும். எண் போடும்போது உன் தோளுக்குப் பின்னால் ஒருவர் நிற்பார். "அதை ஆறு போட்டுக்கோயேன், பட்ஜெட் இல்ல" என்பார். கோபப்படாதே. புகைப்படத்தைக் காட்டு, விளிம்பின் உடைப்பைக் காட்டு, எட்டு என்றால் எட்டு.

எனக்கு இந்தத் தொழிலில் எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஒரு விதி. நுழைய முடியாத அறை, திறக்க முடியாத மூடி, ஏற முடியாத உயரம் எதுவானாலும், பார்க்கவில்லை என்றே அறிக்கையில் எழுத வேண்டும். பார்க்காத இடத்தில் கல்நார் இருப்பதாகவே கொள்ள வேண்டும். "இல்லை" என்று நிரூபணம் ஆகும்வரை "இருக்கிறது". அறிவாளியாகத் தெரிய வேண்டும் என்ற நடுக்கத்தில் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டியே நம்மில் பாதிப் பேர் காலத்தை ஓட்டுகிறோம்; இன்டர்வியூவில் தலையாட்டுகிறோம், மீட்டிங்கில் தலையாட்டுகிறோம். இங்கே தலையாட்டினால் ஒரு எலக்ட்ரீஷியன் செத்துப் போவான். சாவி கிடைக்காத அந்த ஸ்டோர் ரூமை "கல்நார் இல்லை" என்ற பட்டியலில் நைசாகச் சேர்த்துவிட்டு மாலை ரயிலைப் பிடிக்கிற திறமை உனக்கு வேண்டாம். "அறை எண் 14: பூட்டியிருந்தது, பார்க்கவில்லை" என்று எழுதி, அதன் கீழே உன் பெயரைப் போடு. தன்னைத் தானே நம்புகிறவனுக்கு மட்டும்தான் "பார்க்கவில்லை" என்று எழுதக் கை வரும்.

வீரம் என்றதும் எல்லாவற்றையும் பிடுங்கி எறியக் கிளம்பிவிடாதே. நல்ல நிலையில், கை படாத இடத்தில், பூச்சோடு இருக்கும் கல்நாரை அப்படியே விட்டுவைத்துக் கண்காணிப்பதுதான் பல நேரங்களில் சரி. பிடுங்கும்போதுதான் பறக்கும். தூங்கும் பாம்பின் மேல் கூடையைக் கவிழ்த்து, இங்கே பாம்பு இருக்கிறது என்று எழுதிவைப்பது மாதிரி. பயந்துபோன நிர்வாகி "நாளைக்கே எடுத்துடுங்க!" என்று கத்துவார்; அவரை அமைதிப்படுத்தும் குரலும் உனக்கு வேண்டும். சேதமானதை மூடு, அடைத்துப் பூசு, லேபிள் ஒட்டு, குறைந்தது ஆண்டுக்கொரு முறை போய்ப் பார். எடுத்தே ஆக வேண்டும் என்றால் உரிமம் உள்ளவரைக் கூப்பிட்டு, பிளாஸ்டிக் கூடாரம் கட்டி, உள்ளே காற்றழுத்தம் குறைத்து எடு. வேலை முடிந்ததும் வேறொரு பரிசோதகர் முழங்காலிட்டு, விளிம்பு விளிம்பாகத் தூசி தேடுவார், பிறகு காற்றை அளப்பார், மில்லிலிட்டருக்கு 0.01 இழைக்குக் கீழே வந்தால்தான் அடுத்த கட்டம். மாலை ஐந்து மணிக்கு எல்லோரும் கிளம்பத் துடிக்கும்போது, "மூலையில் தூசி இருக்கிறது, திரும்பத் துடையுங்கள், கையெழுத்துப் போட மாட்டேன்" என்கிற அந்தப் பரிசோதகரை நினைத்துப் பார். அவரை யாருக்கும் பிடிக்காது.

அவசரத்துக்கு விலை உண்டு. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், உலகறிந்த கடை. ரெடிங் நகரக் கிளையை 2006-07இல் புதுப்பித்தபோது, சீலிங்கில் இருந்த கல்நாரை எடுக்கப் போதிய நேரமும் இடமும் ஒதுக்கவில்லை. பகலில் வியாபாரம் நடக்க வேண்டும், அதனால் இரவில் வேலை. 2011இல் நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு 10 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது; வழக்குச் செலவு 6 லட்சம் பவுண்டு தனி. பெரிய இடம், நமக்கெதற்கு என்று நீ விழுங்கும் வார்த்தையை நீதிபதி விழுங்குவதில்லை.

சின்ன அளவு என்ன செய்துவிடும் என்பார்கள். டயேன் வில்மோர் 1970களில் லிவர்பூல் பக்கத்து நவ்ஸ்லியில் பள்ளி மாணவி. ஆலையை எட்டிப் பார்த்தவரில்லை. பள்ளியின் சீலிங் பலகைகளைக் கழற்றியபோதும் பிள்ளைகள் அவற்றோடு குறும்பு செய்தபோதும் எழுந்த தூசி மட்டும்தான். மீசோதீலியோமா வந்தது. வழக்குப் போட்டார், வென்றார், 2009இல் 49 வயதில் இறந்தார். பள்ளிக்குப் பொறுப்பான உள்ளாட்சி மன்றம் மேல்முறையீட்டுக்குப் போக, 2011இல் உச்ச நீதிமன்றமும் அவர் பக்கமே நின்றது. பிரிட்டனில் கல்நார் நோய்களால் இன்றும் ஆண்டுக்குச் சுமார் 5,000 பேர் சாகிறார்கள். சட்டம் இயற்றும் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனைக்குள்ளேயே கல்நார் மண்டிக் கிடக்கிறது என்பதைப் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

சாவு விழுந்த வீட்டிலிருந்தே எழுந்த ஒருவரையும் தெரிந்துகொள். நான்சி டெய்ட். கணவர் அஞ்சல் துறையின் டெலிபோன் இன்ஜினியர். 1968இல் மீசோதீலியோமாவில் போனார். நான்சி டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. படித்தார், கேட்டார், கடிதம் கடிதமாக எழுதினார், 1976இல் ஒரு சிறுநூல் போட்டார், 1978இல் கல்நார் நோயாளிகளுக்காகச் சங்கம் தொடங்கினார். நிபுணர்கள் "உங்களுக்குப் புரியாது அம்மா" என்று சொன்ன விஷயத்தை அவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டு போய் எதிரே உட்கார்ந்தார். விதவையின் கண்ணீரோடு மூலையில் உட்காரச் சொன்னது உலகம். அவர் ஃபைலோடு முன் வரிசைக்கு வந்தார்.

உன் அறிக்கை அலமாரிக்குள் தூங்கினால் உன் உழைப்பு குப்பை. பதிவேடு யாருக்காக? நாளை கேபிள் இழுக்க வரும் பையனுக்காக, கசிவு அடைக்க வரும் பிளம்பருக்காக. அவர்கள் கருவியை எடுக்கும்முன் அந்தத் தாள் அவர்கள் கையில் இருக்க வேண்டும். வரைபடத்தில் குறி போடு, படம் ஒட்டு, அவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல். 150 பக்க அறிக்கையை மின்னஞ்சலில் தள்ளிவிட்டுக் கடமை முடிந்தது என்கிற ஆய்வாளர்கள் உண்டு. அவர்களோடு சேராதே.

சிங்கப்பூரில் இடிப்பு வேலைக்கும் புதுப்பிப்பு வேலைக்கும் போயிருக்கும் தம்பிகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 1991க்கு முன் கட்டிய கட்டடத்தில் அந்த வேலை தொடங்கும்முன் தகுதியுள்ளவர் கல்நார் ஆய்வு செய்திருக்க வேண்டும் என்று 2014 விதிகள் சொல்கின்றன. "அண்ணே, சர்வே ரிப்போர்ட் ஆச்சா?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது, கேட்க வேண்டிய கேள்வி. தனியாகக் கேட்கப் பயமா? நாலு பேராகப் போய்க் கேளுங்கள்.

நம் ஊருக்கு வந்தால் கல்நார் தலைக்கு மேலேயே இருக்கிறது. மாட்டுக்கொட்டகை, ரேஷன் கடை, கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டு, ஏழை வீட்டுக் கூரை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் சுமார் பத்தில் ஒரு பங்கு வெள்ளைக் கல்நார். இந்தியா சுரங்கத்தை நிறுத்திவிட்டு இறக்குமதியைத் தொடர்கிறது. கல்நார்த் தொழிலாளியின் ஆரோக்கியம் அவனுடைய உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றும் அவனுடைய உடல்நலப் பதிவை 40 ஆண்டு காக்க வேண்டும் என்றும் 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. இலங்கை 2018 முதல் இறக்குமதியை நிறுத்தத் தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியில் வண்டு இருந்தது என்று ரஷ்யா இலங்கைத் தேயிலைக்குக் கதவடைத்ததும் அந்தத் தீர்மானம் பின்வாங்கியது. ரஷ்யா கல்நார் விற்கும் நாடு என்பது உனக்குத் தெரியும்தானே? தோட்டத்தில் கொழுந்து கிள்ளும் பெண்ணின் கூலி ஒரு தட்டில், அவள் நுரையீரல் மறு தட்டில்.

அரசுகள் தராசைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். உன் வீட்டுக் கூரை உன் பொறுப்பு. உடையாத ஷீட்டைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. அதைக் கட்டிங் மெஷினால் அறுக்கவிடாதே. கடப்பாரையால் இடித்து இறக்கவிடாதே. தண்ணீர் அடித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்கச் சொல். உடைந்த துண்டைப் பொடித்துப் பாதைக்குப் போடாதே, பிள்ளைகள் விளையாடக் கொடுக்காதே. "எங்க தாத்தா காலத்துலேர்ந்து இப்படித்தான்" என்று கொத்தனார் சிரிப்பார். சிரிக்கட்டும். கூலி கொடுப்பது நீ.

லண்டனில், ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் அக்கா, அண்ணன், உங்களுக்கும் வேலை இருக்கிறது. பள்ளி 2000க்கு முன் கட்டியதா? அலுவலகத்துக்குப் போய், கல்நார்ப் பதிவேட்டையும் மேலாண்மைத் திட்டத்தையும் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் எழுதிக்கொண்டு போங்கள். ஆய்வு எந்த வகை, எந்த ஆண்டு, எந்தெந்த அறைகளைப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறது, கடைசியாக மறுபடி பார்த்த தேதி என்ன என்று நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். தேதி 12 மாதத்தைத் தாண்டியிருந்தால் அன்றே தலைமை ஆசிரியருக்கும் நிர்வாகக் குழுவுக்கும் கடிதம் எழுதுங்கள். கடிதத்தில் நாளைக் குறியுங்கள், நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் இன்னொரு தகப்பனையும் இன்னொரு தாயையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள்.